மூட்டை தானாக விழுவதில்லை

சரக்குக் கிடங்கில் மூட்டை அடுக்குச் சரிந்து தொழிலாளி ஒருவர் மாண்டார் என்றால், அச்செய்தி பத்திரிகையின் ஒரு மூலையில் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. தலைப்பில் 'பரிதாபம்' என்னும் சொல் இருக்கும். கடைசி வரியில் 'போலீஸார் விசாரித்து வருகிறார்கள்' என்றிருக்கும். அவ்வளவு உயரம் அடுக்கச் சொன்னவர் யார், அடுக்கின் அடியில் ஆளை நிறுத்தியவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நான்கு வரியில் இடமில்லை. இறந்தவருடைய வீட்டார் 'விதி' என்று அழுகிறார்கள். கிடங்குக்கு உடையவரும் 'விதி' என்றே சொல்கிறார். வீட்டார் சொல்வது துக்கம். உடையவர் சொல்வது தற்காப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது நியாயமன்று. மேலிருந்து விழும் சுமையில் விதியின் பங்கு மிகச் சொற்பம்; மனிதர் செய்த ஏற்பாட்டின் பங்கே பெரிது. ஏற்பாடு எவருடையதோ, பொறுப்பும் அவருடையதே. இதுவே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

மூட்டைகள் எவ்வாறு சரிகின்றன என்பதை முதலில் பார்ப்போம். ஒழுங்காக அடுக்குவது என்றால், ஒரு வரிசையை நீளவாட்டிலும் அடுத்த வரிசையைக் குறுக்குவாட்டிலும் வைத்து, ஒன்றையொன்று பிணைத்து, மேலே செல்லச் செல்ல உள்வாங்கிக் கட்டுவதாகும். அடியில் மரச் சட்டம் இட்டு ஈரம் ஏறாமல் காக்க வேண்டும். எடுக்கும்போது உச்சியிலிருந்து படிப்படியாக எடுத்து வர வேண்டும். இவையெல்லாம் அனுபவமுள்ள எந்தத் தொழிலாளிக்கும் தெரிந்தவையே. ஆனால் நடப்பது என்ன? இடத்துக்கு வாடகை கொடுப்பவர், தரையை மிச்சப்படுத்தி உயரத்தை வளர்க்கிறார். லாரி வாயிலில் காத்துக்கொண்டிருக்கிறது. கூலியோ மூட்டைக் கணக்கில். உச்சிக்கு ஏறி இறக்க நேரமில்லாமல், கைக்கெட்டும் உயரத்தில் முகப்பிலிருந்தே உருவுகிறார்கள். அடிப்பக்கம் குழிந்து, மேற்பக்கம் முன்தள்ளி நிற்கிறது. கீழ் வரிசையில் ஒரு மூட்டை ஈரத்தில் இற்றோ, கொக்கி பட்டுக் கிழிந்தோ இருந்தால், உள்ளிருக்கும் நெல் தண்ணீரைப்போல் ஒழுகிவிடுகிறது. காலை இழந்த சுவர்போல் அடுக்கு சாய்கிறது. சணல் சாக்குக்குப் பதிலாக வழவழப்பான பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு வந்தபின், ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதும் எளிதாயிற்று.

புதிய பாணிக் கிடங்குகளில் மூட்டைக்குப் பதிலாகப் பெட்டிகள். அடுக்குக்குப் பதிலாக வானளாவிய இரும்புத் தட்டுச் சட்டங்கள். அங்கே அபாயம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை, உருமாறியிருக்கிறது. பாரம் தூக்கும் 'போர்க்லிப்ட்' வண்டி சட்டத்தின் காலில் ஒருமுறை இடிக்கிறது. கால் சற்றே வளைகிறது. அதைக் குறித்துவைப்பார் இல்லை. வளைந்த கால் நேரான கால் தாங்கும் பாரத்தைத் தாங்காது. பிறிதொரு நாள் முழுச் சுமையையும் ஏற்றும்போது அது மடங்குகிறது. மடங்கிய சட்டம் அடுத்த சட்டத்தை இழுத்துக்கொண்டு வீழ்கிறது. இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயரைச் சேர்ந்த ஹின்ஸ்டாக் என்னும் ஊரில் 2016 மே மாதத்தில், பாலாடைக்கட்டி அடுக்கியிருந்த சட்டங்கள் இவ்வாறு வரிசையாகச் சரிந்து, வண்டி ஓட்டியவர் பல மணி நேரம் அதனடியில் புதைந்து கிடந்தார். வண்டியின் கூண்டு அவரைக் காத்தது, உயிருடன் மீட்கப்பட்டார். அந்தக் கூண்டு ஒருவர் முன்கூட்டி யோசித்துச் செய்துவைத்த ஏற்பாடு. விதியை நம்பியிருந்தால் அவர் மாண்டிருப்பார்.

தலைக்கவசம் கொடுத்துவிட்டோம், எங்கள் கடமை தீர்ந்தது என்று சொல்வோர் உண்டு. கணக்கை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். ஒருவர் தலைக்கு மேல் 3 மீட்டர் உயரத்திலிருந்து 50 கிலோ மூட்டை விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். அது தலையை எட்டுவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு; எட்டும்போது அதன் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். 'பார்த்து விலகியிருக்கலாமே' என்று சொல்வோருக்கு இந்த ஒரு விநாடியே பதில். தொழிற்சாலைத் தலைக்கவசத்துக்கு ஐரோப்பியர் வகுத்த தரவிதியில், 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பரீட்சிக்கிறார்கள். நாம் சொன்ன மூட்டையின் அடி அந்தப் பரீட்சை அடியைப்போல் 30 மடங்கு. தலைக்கவசம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தவறி விழும் கருவிக்கும் மரத்துண்டுக்கும் அது நல்ல காவல். சரியும் அடுக்குக்கு அது காவலன்று. அடுக்குச் சரியாமல் கட்டுவதும், சரியக்கூடிய இடத்தில் ஆள் நில்லாமல் தடுப்பதுமே காவல். முன்னது முதலாளியின் கையில் இருக்கிறது. பின்னதும் அவர் கையிலேதான்.

இதைச் சட்டம் அறியாததன்று. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. 1863-ல் தீர்ப்பான ஒரு வழக்கு இது: லிவர்பூல் நகரத்தில் ஒரு மாவு வியாபாரியின் கிடங்கு ஜன்னலிலிருந்து மாவுப் பீப்பாய் ஒன்று, வீதியில் நடந்துகொண்டிருந்தவர்மேல் விழுந்தது. வியாபாரி அலட்சியமாயிருந்தார் என்பதற்கு நேர்ச் சாட்சி இல்லையென்று முதலில் வழக்குத் தள்ளப்பட்டது. மேல் நியாயஸ்தலம் அதை ஏற்கவில்லை. கிடங்கிலிருந்து பீப்பாய் தானாக உருண்டு வராது. அது விழுந்ததே அலட்சியத்துக்கு அத்தாட்சி. அலட்சியம் இல்லையென்று காட்டுவது உடையவரின் பொறுப்பு என்று பிரதம நீதிபதி பாலக் கருதினார். இரண்டாண்டுக்குப் பின் 1865-ல் லண்டன் துறைமுகக் கிடங்கு ஒன்றில், பாரந்தூக்கியிலிருந்து ஆறு சர்க்கரை மூட்டைகள் சுங்க அதிகாரி ஒருவர்மேல் விழுந்த வழக்கில் இந்த நியாயம் இன்னும் தெளிவாக வகுக்கப்பட்டது. பொருள் எவர் வசத்தில் இருக்கிறதோ, தக்க ஜாக்கிரதை இருந்தால் சாதாரணமாக நேராத விபத்து நேருமாயின், விளக்கம் சொல்ல வேண்டியவர் அவரே. 'காரியமே பேசுகிறது' என்ற பொருளுடைய லத்தீன் வாசகத்தால் இந்த விதியை இன்றும் சட்டம் படித்தோர் குறிப்பிடுகிறார்கள்.

வாசகர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீப்பாய் விழுந்தது வழிப்போக்கர்மேல். மூட்டைகள் விழுந்தது சுங்க அதிகாரிமேல். அதே பீப்பாய் அதே கிடங்கில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர்மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காரியம் பேசியிருக்காது, ஊமையாகியிருக்கும். ஏனெனில் 1837-லேயே ஆங்கில நியாயஸ்தலம் வேறொரு கதவை அடைத்துவிட்டது. கசாப்புக்காரர் ஒருவரின் வண்டியில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியதால் வண்டி முறிந்து, அதில் சென்ற வேலையாளின் தொடை எலும்பு ஒடிந்தது. ஜூரிகள் 100 பவுன் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். எஜமானர் பொறுப்பு என்று சொன்னால் அதற்கு எல்லையே இராது என்றும், அபாயமென்று தோன்றினால் வேலையாள் மறுத்திருக்கலாம் என்றும் காரணம் சொன்னார்கள். உடன்வேலை செய்பவரின் தவறுக்கு எஜமானர் பொறுப்பல்ல என்ற கோட்பாடு இதிலிருந்து கிளைத்துத் தலைமுறை தலைமுறையாய்த் தொழிலாளர் வழக்குகளைத் தோற்கடித்தது. வயிற்றுப் பசியோடு வாயிலில் நிற்பவர் வேலையை மறுத்திருக்கலாமாம்! பசியை அறியாதோர் எழுதிய நியாயம் இது. ஒரே கிடங்கு, ஒரே பீப்பாய்; விழுந்த தலை எவருடையது என்பதைப் பார்த்துச் சட்டம் தன் வாயைத் திறந்தது அல்லது மூடியது.

இந்த அநீதியை நீக்க எத்தனை காலம் ஆயிற்று! இங்கிலாந்தில் 1897-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. உடன்வேலையாள் கோட்பாடு அங்கே அடியோடு ஒழிந்தது 1948-ல்தான். நம் தேசத்தில் 1938-ல் இயற்றிய எஜமானர் பொறுப்புச் சட்டம் அந்தத் தற்காப்பைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அதற்கும் முன்பே, சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே 1923-ம் ஆண்டில், நமது நஷ்டஈட்டுச் சட்டம் பிறந்தது. அது 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் மேன்மை இதுதான்: முதலாளி அலட்சியமாயிருந்தார் என்று தொழிலாளி ருசுப்படுத்த வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும். தொழிலாளி கட்டளையை மீறினார் என்ற வாதமும், சாவு நேர்ந்த இடத்தில் செல்லாது. இந்த நியாயத்தை 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கைவிடவில்லை.

அப்படியானால் குறை எங்கே? குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, விபத்து நேருமுன் காக்கும் சட்டத்தில். மற்றொன்று, 'இவர் எங்கள் ஆள் அல்ல' என்று கைவிரிக்கும் வழக்கத்தில்.

முதலாவதைப் பார்ப்போம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பொருளை உற்பத்தி செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. குளிர்பதனக் கிடங்கு பிற்பாடு அதனுள் சேர்க்கப்பட்டது. உருளைக்கிழங்கைக் குளிரில் வைக்கும் கிடங்குக்கு இன்ஸ்பெக்டர் வருவார். நெல்லையும் சிமெண்டையும் கூரை உயரம் அடுக்கிய சாதாரணக் கிடங்குக்கு அவர் வரவேண்டியதில்லை! தொழிற்சாலை அல்லாததால், அங்கே நேர்ந்த காயமும் சாவும் தொழிற்சாலை விபத்துக் கணக்கில் ஏறவில்லை. எண்ணப்படாத சாவுக்கு எவரும் பதில் சொல்வதில்லை. துறைமுகத்திலோ நிலைமை வேறு. 1934-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி 1986-ம் ஆண்டுச் சட்டம் வரையில், கப்பலில் ஏற்றி இறக்கும் தொழிலாளரின் பாதுகாப்புக்குத் தனி விதிகள் உண்டாயின. ஆகவே ஒரே மூட்டை, துறைமுக வேலிக்குள் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அபாயமான சுமை. வேலியைத் தாண்டி ஊருக்குள் ஒரு கிடங்கிற்கு வந்து சேர்ந்தால் வெறும் சரக்கு.

தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய 2020-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. இதன் நன்மையை நாம் மறைக்க விரும்பவில்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் வியாபார ஸ்தலங்கள் யாவும் இதன் கீழ் வருகின்றன. ஆகவே கிடங்கும் வருகிறது. வேலையிலிருப்போருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டுமென்கிறது. முதலாளி தம் கடமையைச் செய்யாததால் மரணம் நேர்ந்தால், 2 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லவும் நியாயஸ்தலத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் அந்தப் '10' என்னும் எண்ணைக் கவனியுங்கள். துறைமுக வேலைக்கு இந்த எண்ணிக்கை எல்லை இல்லை. ஊர்க் கிடங்குக்கு உண்டு. நமது ஊர்களில் மண்டி வீதிகளிலும் சந்துகளிலும் உள்ள கிடங்குகளில் 6 பேர், 8 பேர் மூட்டை சுமப்பது சகஜம். 10-வது ஆள் வந்தால்தான் 50 கிலோ மூட்டைக்குக் கனம் உண்டாகிறதா? 9 பேர் நிற்கும் இடத்தில் அது பஞ்சாய்விடுகிறதா? எண்ணிக்கையைப் பார்த்து விழும் மூட்டையை நாம் கண்டதில்லை. இதற்குப் பரிகாரமும் அந்தச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை நடக்கும் ஸ்தலமென்று மத்திய சர்க்கார் அறிவித்தால், ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருந்தாலும் சட்டம் அதற்குப் பொருந்தும். ஆள் உயரத்துக்கு மேல் சரக்கு அடுக்கும் ஒவ்வொரு கிடங்கையும் அவ்வாறு அறிவிக்க வேண்டும். புதிய சட்டம் இயற்ற வேண்டாம். பார்லிமெண்டின் நேரமும் வேண்டாம். ஓர் அறிவிக்கை போதும்.

இரண்டாவது குறை, ஆளில்லா ஆள் என்னும் தந்திரம். கிடங்கு ஒருவருடையது, சரக்கு இன்னொருவருடையது, ஏற்றி இறக்கும் கண்டிராக்டர் மூன்றாமவர், ஆள் கொண்டுவரும் மேஸ்திரி நான்காமவர். மூட்டை விழும்வரை நால்வரும் வேலையை ஏவுகிறார்கள். விழுந்தபின் நால்வரும் விலகிக்கொள்கிறார்கள். கண்டிராக்டரின் ஆளுக்கும் பிரதான முதலாளியே நஷ்டஈடு கொடுத்து, பின்பு கண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமென்று 1923-லேயே சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் சொன்னால் போதுமா? இறந்தவர் அங்கே வேலை செய்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும். சாவுக்குரிய நஷ்டஈடு, மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி வருவது. கூலிக்குக் கணக்கே இல்லாத இடத்தில் பெருக்குவது எதை? பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்து நமது கிடங்குகளில் உழைப்போர் விஷயத்தில் இது இன்னும் கொடிது. அவர்கள் குடும்பம் ஆயிரம் மைலுக்கு அப்பால். எச்சரிக்கைப் பலகையோ அவர்கள் படிக்கவியலாத பாஷையில். 2014 ஜூலை 6-ந் தேதி திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றத்துக்கு அருகே, ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் சாய்ந்து, பக்கத்துக் குடிசைகளில் இருந்த 11 பேர் மாண்டனர். அவர்கள் ஆந்திரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அண்டை தேசத்தவர் அல்லர், அண்டை வீட்டார். பிழைக்க வந்தவர்களின் சாவு நமது மானத்தைத் தொடும் விஷயமென்று நாம் கருதுகிறோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நேர்மையாகப் பார்ப்போம். தொழிலாளரே அஜாக்கிரதையாயிருக்கிறார்கள் என்பது ஒன்று. சிலர் அப்படி இருக்கலாம். மூட்டைக் கணக்கில் கூலி வைத்து, வேகத்துக்குப் பணமும் நிதானத்துக்குப் பட்டினியும் விதித்துவிட்டு, பின்பு வேகத்தைக் குற்றமென்று சொல்வது எந்த நீதி? சிறு வியாபாரி தாங்கமாட்டார் என்பது இன்னொன்று. சுவரில் உயரக் கோடு ஒன்று வரைவதற்கும், அடியில் உருவக் கூடாதென்று கட்டளையிடுவதற்கும், ஆள் நடக்கும் பாதையைச் சரக்குப் பாதையிலிருந்து பிரிப்பதற்கும், போதிய வெளிச்சம் வைப்பதற்கும் எந்த வியாபாரியும் போண்டியாகமாட்டார். தீ விபத்துக்காகச் சரக்கை இன்ஷியூர் செய்யத் தெரிந்தவருக்கு, சரக்கைச் சுமப்பவரைக் காக்கத் தெரியாதா? விலை ஏறும் என்பது மூன்றாவது. ஏறினால் ஏறட்டும் என்றே நாம் துணிந்து சொல்வோம். ஒரு மூட்டை அரிசியின் விலையில் அதைச் சுமப்பவருடைய உயிரின் காவலும் அடங்கியிருப்பதுதான் நியாய விலை. அது அடங்காத விலையில் குறைவதன் பாக்கியை ஒரு விதவையும் அவள் குழந்தைகளும் செலுத்துகிறார்கள்.

ஆகவே நாம் கோருவது இது. உயரமாக அடுக்கும் கிடங்குகளை மத்திய சர்க்கார் ஆபத்தான ஸ்தலங்களென்று அறிவிக்க வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் தன் விதிகளில் அடுக்கின் உயரம், எடுக்கும் முறை, இரும்புச் சட்டங்களின் காலமுறைப் பரிசோதனை இவற்றைத் தெளிவாக எழுதி, கிடங்குகளைப் பார்வையிடப் போதிய அதிகாரிகளை நியமிக்க வேண்டும். ஆளைக் காயப்படுத்திய சரிவு மட்டுமன்றி, ஆளில்லாத வேளையில் நேர்ந்த சரிவும் பதிவேட்டில் ஏற வேண்டும். இன்று வெறுந்தரையில் விழுந்த மூட்டை நாளை தலையில் விழப்போவதன் முன்னறிவிப்பு அல்லவா? மேலும், நால்வர் கைகாட்டினாலும் கிடங்கை வசத்தில் வைத்திருப்பவரே முதலில் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பங்கு வழக்கைப் பிறகு அவர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

சர்க்காருக்குச் சொல்லியாயிற்று. இனி நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள் ஆலை வாயிலில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கிடங்கு வாயிலுக்குச் சென்றவர் சிலரே. அங்கே சங்கம் பலவீனம்; ஆள் தினம் மாறுகிறார்; பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1982-ம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே நல வாரியம் ஒன்று இருக்கிறது. சுமை தூக்குவோரை அதில் பதிவு செய்விப்பது உடனே செய்யக்கூடிய தொண்டு. நியமனக் கடிதம் கேட்டு வாங்கச் செய்வது அதனினும் பெரிய தொண்டு. அந்த ஒரு காகிதம் கையிலிருந்தால், 'எங்கள் ஆள் அல்ல' என்ற வார்த்தை எந்த நியாயஸ்தலத்திலும் நில்லாது.

லிவர்பூலில் பீப்பாய் விழுந்தபோது, காரியமே பேசுகிறது என்றார்கள் நீதிபதிகள். நமது கிடங்குகளிலும் காரியம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்டு, உடையவரை விளக்கம் சொல்ல வைக்கும் திறம் நமக்கு வேண்டும். அடுத்த முறை 'மூட்டை சரிந்து ஒருவர் பலி' என்ற நான்கு வரிச் செய்தியைப் படிக்கும் ஒவ்வொருவரும், பரிதாபப்பட்டு ஏட்டைப் புரட்டிவிடாமல், அந்த அடுக்கைக் கட்டச் சொன்னவர் யார் என்று கேட்பாராக. அந்தக் கேள்வி பொதுஜனங்களின் வாயில் ஏறும்வரை மூட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும்.